இரண்டு அங்குலம்

இந்தியானாவின் வடக்கில், கோஷனுக்கு வெளியே
எங்கள் தகரக் கொட்டகையில்
டிரெய்லரை முதலில் செய்வது
இரும்பால் அல்ல, சாக்பீஸால்.

மார்லின் ஹாக்ஸ்டெட்லர் தரையில் மண்டியிட்டுக்
கோடு இழுப்பார்.
நாற்பத்து நான்கு அடி நீளம்.
எட்டரை அடி அகலம்; அதற்கு மேல் சாலை விடாது.
மூன்று அச்சு, ஆறு சக்கரம்.
வால்பக்கம் சற்றே சரிவு,
தாழ்ந்த காரின் வயிறு உரசாமல் ஏறட்டும் என்று.
அவர் வீடு திரும்புவது குதிரை வண்டியில்.
ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.
ஆனாலும் ஒரு காரின் கனம் எங்கே குந்தும் என்பதை
அவரிடம்தான் கேட்க வேண்டும்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
போனும் என் மேசையில்தான்.

வடக்கு டகோட்டாவிலிருந்து ஆர்விட் டொல்லெஃப்சன்
விதை மூட்டைக் காகிதத்தின் பின்புறம்
பென்சிலால் வரைந்து அனுப்பியிருந்தார்:
ஐம்பத்தொன்றில் பிறந்த ஒரு ஹட்சன்,
அதன் முதுகை முகர்ந்தபடி ஒரு பழைய பிக்கப்.
பிறகு வாரம் ஒரு போன்.
விஞ்ச் நடுவில் வேண்டாம், இடப்பக்கம் வை.
உள்சுவர் வெள்ளை.
எந்த வெள்ளை என்றேன்.
கழுவி வைத்த தட்டு, என்றார்.

பிப்ரவரியில் நேரிலேயே வந்தார்,
மனைவி சோல்வேயுடன்.
அவர் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைக்க,
"சுவர் வழியாகவா வருவாய்?" என்றாள்.
அவள் சுற்றிப் போய்
கதவு வரைந்த இடத்தில்
ஒரு கணம் நின்று, நுழைந்தாள்.

பெயின்ட் வாளியைக் கவிழ்த்து
ஹட்சனின் இருக்கையாக்கி உட்கார்ந்தார்.
இல்லாத கார்க்கதவை இடது கையால் திறந்தார்.
முழங்கை, இல்லாத சக்கரப் பெட்டியில் இடித்தது.
வலித்தது போலவே முகம் சுளித்தார்.
"ஓட்டி ஏற்றிவிடலாம்.
இறங்குவது எப்படி?"

சோல்வே அவர் கோட்டுப் பையிலிருந்து
டேப்பை உருவினாள்.
கொக்கி இல்லை. ஒன்றும் இல்லை.
எண்கள் இரண்டில் தொடங்கின.

"எப்போது உடைந்தது?"
"அறுவடைக்கு முன்."
"படம் எப்போது வரைந்தாய்?"

ஹீட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

மார்லின் ஒன்றும் சொல்லவில்லை.
ஹட்சனின் பக்கவாட்டைப் பூட்ஸால் அழித்து
மூன்று விரற்கடை தள்ளி மறுபடி வரைந்தார்.
கார் இளைத்தது.
ஆர்விட் மீண்டும் திறந்தார்,
வயிற்றை எக்கி, நண்டு போல் பக்கவாட்டில்
வெளியே வந்து
இரு கையும் விரித்து நின்றார்,
வென்றவர் மாதிரி.

"இருந்தாலும் பக்கத்தில் ஒரு கதவு வெட்டுங்கள்," என்றாள்.
"ஆயுள் முழுக்க எக்கிக்கொண்டிருக்க மாட்டான்."
என்னிடம் திரும்பி,
"அது என் கணக்கில்."

தனி ரசீது போட்டேன்.

பிறகுதான் இரும்பு வந்தது.
அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம்,
மேலே மடிப்பில்லாத ஒற்றை அலுமினியத் தகடு.
வெல்டிங் பொறி வாசற்பனியில் விழுந்து
எள் எள்ளாய்த் துளைத்தது.

ஏப்ரலில் இழுத்துப் போனார்கள்.
ஹட்சன் உள்ளே ஏறியதும்
பக்கக் கதவு திறந்தது,
முதலில் ஒரு தொப்பி, பிறகு ஆர்விட்,
எக்காமல்.
சோல்வே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த டேப் என் மேசையிலேயே தங்கிவிட்டது.
போன வாரம் ஆபீஸ் ஜன்னலுக்குத் திரை தைக்க
அவசரத்தில் அதைத்தான் எடுத்திருக்கிறேன்.
இரண்டு அங்குலம் கூடிப்போய்
தரையில் புரள்கிறது துணி.
வெட்டலாம். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்.

கதவு திறக்கும்போதெல்லாம்
விளிம்பு மட்டும் கொஞ்சம் எழுந்து
உட்காருகிறது.